இறந்தவர்களின் இடம்: இசுமோவிலிருந்து குமானோ வரை

ஜூன் 26, இசுமோ

ஜப்பானின் இசுமோ பெருங்கோயிலின் கருவறை தெற்கு பார்த்தது. உள்ளே இருக்கும் தெய்வம் ஓகுனினுஷியோ மேற்கு பார்த்து அமர்ந்திருக்கிறார். அதனால் முன்வாசலில் கும்பிட்டவர்களில் பலர் வேலியைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் வந்து, அவர் முகத்துக்கு நேராக நின்று இன்னொரு முறை கும்பிடுகிறார்கள். ஜப்பானின் பூர்வீகச் சமயமான ஷிந்தோவின் மற்ற கோயில்களில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, கடைசியாக ஒருமுறை குனிவார்கள். இங்கே நான்கு தட்டு. மழை தூறிக்கொண்டிருந்தது. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானும் தட்டினேன்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு சந்தேகம். ஒசாகாவில் வேலை பார்த்த காலத்தில் அடிக்கடி காதில் விழுந்த ஒன்று: குழந்தை பிறந்தால் ஷிந்தோ கோயில், செத்தால் பௌத்த மடம். சாவைப் பற்றி ஷிந்தோவுக்குப் பேச எதுவுமில்லை, அந்தத் துறையைப் பௌத்தத்திடம் குத்தகைக்கு விட்டுவிட்டது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாவைப் பற்றி அது நிறையவே பேசியிருக்கிறது. ஒரே பதிலைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தப் பதில்கள் பிறந்த இடங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

முதல் இடம் இசுமோவாக இருந்தே ஆகவேண்டும். 712இல் தொகுக்கப்பட்ட கொஜிகியும் 720இல் முடிந்த நிஹோன் ஷோகியும்தான் பழங்கதைகளுக்கு மூல நூல்கள். இந்த நிலத்தை உருவாக்கி ஆண்டவர் ஓகுனினுஷி. வானத்திலிருந்து சூரிய தேவி அமதெராசுவின் தரப்பினர் வந்து நாட்டைக் கேட்டபோது விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு அவருக்கு ஒரு மாபெரும் மாளிகை எழுந்தது. நிஹோன் ஷோகியில் இக்கதையின் ஒரு வடிவம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: கண்ணுக்குத் தெரியும் காரியங்களை வானத்து வாரிசு ஆளட்டும், கண்ணுக்குத் தெரியாத காரியங்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஓகுனினுஷி ஒப்புக்கொள்கிறார். தெரியாத காரியங்கள் எவை என்று நூல் விளக்குவதில்லை. ஆயிரம் வருடம் கழித்து அந்த இடைவெளியில்தான் இறந்தவர்கள் வந்து குடியேறினார்கள். அதைப் பிறகு எழுதுகிறேன்.

இப்போதிருக்கும் கருவறை 1744இல் கட்டியது, 24 மீட்டர் உயரம். முன்பு 48 மீட்டர் இருந்தது என்று ஒரு மரபுச் செய்தி உண்டு. நெடுநாள் அதை யாரும் நம்பவில்லை. 2000ஆம் ஆண்டு கோயில் வளாகத்தில் தோண்டியபோது, மூன்று பெரிய தேவதாரு மரங்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய தூணின் அடிப்பாகம் கிடைத்தது. அது இருந்த இடத்தில் தரையில் வட்டங்கள் போட்டு வைத்திருக்கிறார்கள். மூன்று வட்டங்களையும் சேர்த்து நடந்து பார்த்தால் ஒரு சின்ன அறைக்குள் நடப்பதுபோல இருக்கிறது.

பழைய சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதத்தில் நாடெங்கும் உள்ள தெய்வங்கள் இங்கே கூடுவதாக நம்பிக்கை. இனாசா கடற்கரையில் வந்திறங்கி, யாருக்கும் யாருக்கும் உறவு ஏற்படவேண்டும் என்று பேசி முடிவு செய்வார்களாம். அவர்கள் தங்குவதற்காகக் கருவறையின் இரு பக்கமும் பத்தொன்பது கதவுகள் கொண்ட நீண்ட கட்டடங்கள். இன்று எல்லாக் கதவும் சாத்தியிருந்தது.

இக்கோயிலின் தலைமைப் பூசாரிக் குடும்பம் செங்கே. இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தலைமைப் பூசாரி இறந்தால் வாரிசு துக்கம் காக்க உட்காருவதில்லை. உடனே புறப்பட்டுப் போய், குமானோ பெருங்கோயிலிலிருந்து வரும் கடைகோலில் தீக் கடைந்து, அந்தத் தீயில் சமைத்ததை உண்டு பொறுப்பேற்கிறார். (மத்சுவே பக்கத்து குமானோ இது. நான் கடைசியில் போகப்போகும் குமானோ வேறு.) தீயோடு சேர்ந்து முதல் மூதாதையின் ஆவியும் அடுத்தவருக்கு வருகிறது. ஆகவே தலைமைப் பூசாரி சாவதே இல்லை, உடல்தான் மாறுகிறது என்பது நம்பிக்கை. அப்பாவுக்காக அழ நேரமில்லாத அந்த மகனைப் பற்றி யோசித்துக்கொண்டே விடுதிக்குத் திரும்பினேன்.

ஜூன் 27, இயா

மத்சுவேக்குக் கிழக்கே இயா என்றொரு சின்ன ரயில் நிலையம். இறங்கி வயல்களையும் வீடுகளையும் தாண்டி இருபது நிமிடம் நடந்தால் மரங்களுக்குள் இரண்டு கல்தூண்கள், குறுக்கே வைக்கோல் கயிறு. அதற்குப் பின்னால் பெரிய பாறைகள். யோமி என்னும் இறந்தோர் நாட்டின் எல்லைச் சரிவு இதுதான் என்கிறார்கள். கொஜிகியே அந்தச் சரிவு இசுமோ நாட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. 1940இல் இங்கே ஒரு நினைவுக்கல்லும் நட்டார்கள்.

கதை கொடூரமானது. நாட்டைப் பெற்ற ஆதித் தாய்த்தெய்வம் இசானாமி, தீக்கடவுளைப் பெற்றெடுக்கும்போது வெந்து சாகிறாள். கணவன் இசானாகி அவளைத் தேடி யோமிக்குப் போகிறான். "இங்கத்து உணவைச் சாப்பிட்டுவிட்டேன். ஆனாலும் கேட்டுப் பார்க்கிறேன், அதுவரை என்னைப் பார்க்காதே" என்கிறாள். அவனுக்குப் பொறுமையில்லை. தலையில் செருகியிருந்த சீப்பின் ஒரு பல்லை ஒடித்துக் கொளுத்திப் பார்க்கிறான். புழு நெளியும் உடல், அதன்மேல் எட்டு இடிக்கடவுள்கள். அவன் ஓட, அவள் தன் ஆட்களை ஏவித் துரத்துகிறாள். கடைசியில் ஆயிரம் பேர் சேர்ந்து இழுத்தால்தான் நகரும் ஒரு பாறையை அவன் சரிவில் வைத்து அடைக்கிறான். பாறைக்கு இருபுறமும் நின்று இருவரும் மணவிலக்குப் பேசுகிறார்கள். "உன் நாட்டு மக்களை நாளொன்றுக்கு ஆயிரம் பேராகக் கழுத்தை நெரிப்பேன்" என்கிறாள். "அப்படியானால் நாளொன்றுக்கு ஆயிரத்தைந்நூறு பேறுகாலக் குடிசைகள் கட்டுவேன்" என்கிறான்.

சாவு ஏன் வந்தது என்பதற்கு இந்நூல் தரும் விளக்கம் இவ்வளவுதான். மனிதன் செய்த பாவம் எதுவும் இதில் இல்லை. யோமியில் நீதிமன்றம் இல்லை, தராசு இல்லை. நல்லவனுக்கு ஒரு வாசல், கெட்டவனுக்கு ஒரு வாசல் என்ற பிரிவும் இல்லை.

மனிதர்கள் இந்நூலில் முதன்முதலில் தலைகாட்டும் இடமும் இந்தச் சரிவுதான். உலகத்தைப் படைத்த கதை நீளமாக வருகிறது, மனிதனைப் படைத்த கதை என்று தனியாக ஒன்று கிடையாது. துரத்தியவர்களை விரட்ட இசானாகி சரிவடியில் நின்ற மரத்திலிருந்து மூன்று பீச் பழங்களைப் பறித்து எறிகிறான். அவர்கள் பின்வாங்குகிறார்கள். நன்றியோடு பழங்களிடம் சொல்கிறான்: எனக்கு உதவியதுபோல, நாட்டில் வாழும் பசும்புல்லாகிய மக்கள் துன்பத்தில் விழும்போது அவர்களுக்கும் உதவுங்கள். மனிதர்கள் பசும்புல். ஆயிரம் அறுபட்டால் ஆயிரத்தைந்நூறு முளைக்கும் கூட்டம். தெய்வம் அவர்களைப் பற்றி முதலில் நினைப்பது அவர்கள் துன்பப்படுவார்கள் என்றுதான். மனித இயல்பைப் பற்றி இதைவிடக் கனிவான ஒரு தொடக்கத்தை எந்த மதத்திலும் நான் படித்ததில்லை.

பாறைகளுக்கு அருகே ஒரு அஞ்சல் பெட்டி இருக்கிறது. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதிப் போடலாம். சேர்ந்த கடிதங்களை வருடத்துக்கு ஒருமுறை சடங்கோடு எரிக்கிறார்கள். நான் நின்றிருந்தபோது ஒரு நடுவயதுப் பெண் வந்து, கைப்பையிலிருந்து உறையை எடுத்துப் போட்டுவிட்டு, பாறையைப் பார்த்து ஒருமுறை குனிந்துவிட்டுப் போனார். மணவிலக்குப் பேசி அடைத்த பாறைக்கு அந்தப் பக்கம் கடிதம் போகிறது. கொஜிகியில் இதற்கு இடமே இல்லை. மக்கள் தாங்களாகவே ஒரு வழி வைத்துக்கொண்டார்கள்.

இரவு, அதே நாள்

நான் தங்கியிருக்கும் விடுதியை நடத்தும் ஒபாசானின் (அம்மா, அத்தை என்பதுபோல வயதான பெண்ணை அழைக்கும் சொல்) கணவருக்கு ஷிந்தோ முறையில்தான் இறுதிச்சடங்கு நடந்ததாம். ஜப்பானில் பெரும்பாலோருக்கு நடப்பது பௌத்த முறை. எதோ நகரிலிருந்து (இன்றைய டோக்கியோ) ஷோகன் என்னும் படைத்தலைவர்கள் ஆண்ட காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு பௌத்த மடத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியதன் தொடர்ச்சி அது. என் அரைகுறை ஜப்பானிய மொழியில் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்.

வீட்டில் சாவு விழுந்ததும் முதல் வேலை, சாமி மாடத்தை வெள்ளைத் தாளால் மறைப்பது. ஐம்பது நாள் அந்தத் தாளை எடுப்பதில்லை, கோயில் வாசலைத் தாண்டுவதில்லை. சடங்கு வீட்டிலோ மண்டபத்திலோ நடக்கும், கோயிலுக்குள் ஒருபோதும் நடக்காது. ஊதுவத்தி கிடையாது. வெள்ளைத் தாள் கட்டிய சகாகி மரக்கிளையை ஒவ்வொருவராக வைக்கிறார்கள். கைதட்டுவதும் உண்டு, ஆனால் சத்தம் எழாமல், உள்ளங்கைகள் தொடுவதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். இறந்தவரின் பெயரோடு தெய்வங்களுக்குச் சேர்க்கும் அதே 'மிகோத்தோ' சேர்கிறது. ஐம்பதாம் நாளுக்குப் பிறகு அவர் வீட்டைக் காக்கும் தெய்வங்களில் ஒருவர்.

"அப்போ உங்கள் வீட்டுக்காரர் இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கேட்டேன். கேட்டிருக்கலாமா என்று தயங்கித்தான் கேட்டேன்.

"எங்கேயும் போகலைங்க. குளியலறை விளக்கை அணைக்காம வந்தா இன்னும் திட்டுவார்னுதான் தோணுது" என்றார்.

ஜூன் 28, ரயிலில்

மத்சுவேயிலிருந்து ஒகயாமாவுக்கு மலைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் யாகுமோ ரயில். ஜன்னலுக்கு வெளியே மேகமும் ஆறும் மாறி மாறி வந்தன. நேற்று அந்த அம்மா சொன்னதை இருநூறு வருடத்துக்கு முன் ஒருவர் தத்துவமாகவே எழுதினார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஹிராத்தா அட்சுதானே (1776–1843). வடக்கே அக்கிதாவில் பிறந்து எதோவுக்கு வந்தவர். 1812இல் அவருடைய மனைவி ஒரிசே இறந்தார். அதே ஆண்டில் 'ஆவியின் தூண்' என்று பொருள்படும் தம் நூலை எழுதி முடித்தார். இறந்தவர்கள் யோமிக்குப் போவதில்லை என்பது அதன் மையவாதம். அவர்கள் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். மறைந்த உலகம் தொலைவில் எங்கோ இல்லை, நாம் நிற்கும் இதே இடத்தில்தான் இருக்கிறது. அங்கிருப்பவர்களுக்கு நம்மைத் தெரியும், நமக்கு அவர்களைத் தெரியாது. அதை ஆள்பவர் ஓகுனினுஷி. அந்தப் பழைய 'தெரியாத காரியங்கள்' இப்படித்தான் நிரம்பின. மனைவியை இழந்த ஒருவர் எழுதியது என்று தெரிந்து படித்தால் வாதத்தின் அழுத்தம் வேறாகத் தெரிகிறது. ஓகுனினுஷி இறந்தவர்களின் நன்மை தீமைகளையும் பார்க்கிறார் என்று அவர் சேர்த்தது மட்டும் எனக்கு ஒட்டவில்லை. கொஜிகியில் இல்லாத நீதிபதியை அவர் வெளியிலிருந்து கொண்டுவந்துவிட்டார்.

இது ஏட்டுச் சண்டையாக நிற்கவில்லை. மெய்ஜி அரசு ஷிந்தோவை அரசு அமைப்பாக்கிய காலத்தில், இசுமோவின் 80ஆம் தலைமைப் பூசாரி செங்கே தகதோமி, டோக்கியோவில் இருந்த மையக் கோயிலில் ஓகுனினுஷியையும் சேர்க்கவேண்டும் என்றார். இறந்தவர்களை ஆள்பவர் இல்லாமல் என்ன ஷிந்தோ என்பது அவர் கேள்வி. அமதெராசுவின் கோயிலான இசேயின் தரப்பு மறுத்தது. நாடு முழுவதும் பூசாரிகள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். 1881இல் பேரரசரின் முடிவு இசுமோவுக்கு எதிராக வந்தது. மறு ஆண்டு, அரசுக் கோயில்களின் பூசாரிகள் இறுதிச்சடங்கு நடத்தவே கூடாது என்று உத்தரவும் வந்தது. செங்கே பதவியைத் துறந்து இசுமோ தாய்ஷாக்யோ என்ற தனிப் பிரிவைத் தொடங்கினார். சாவைப் பற்றி ஷிந்தோ பேசுவதில்லை என்று இன்று சொல்கிறவர்கள் இந்த 1882ஐ நினைத்துப் பார்க்கவேண்டும். பேசியவர்களைப் பேசவிடாமல் செய்திருக்கிறார்கள்.

ஜூன் 30, கியோத்தோ

பாதி வருடம் முடிகிறது. இன்று நாடெங்கும் கோயில்களில் பெருஞ்சுத்திச் சடங்கு. இன்னொன்று டிசம்பர் 31இல் வரும்.

காலையில் கிதானோ தென்மாங்கூவுக்குப் போனேன். இங்கே இருப்பவர் சுகவாரா நோ மிச்சிசானே, சரித்திர மனிதர். 845இல் பிறந்த அறிஞர், அமைச்சர். பொய்க் குற்றச்சாட்டில் தசாய்ஃபுவுக்கு விரட்டப்பட்டு 903இல் அங்கேயே இறந்தார். பின்னர் எதிரிகள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். 930இல் அரண்மனையில் இடி விழுந்தது. அவருடைய கோபம்தான் என்று அரண்டுபோய் 947இல் இக்கோயில் எழுந்தது. இன்று அவர் கல்விக்கு அதிபதி, தேர்வு எழுதும் பிள்ளைகளின் வேண்டுதல் பலகைகள் அடுக்கடுக்காகத் தொங்குகின்றன. அசாதாரணமான ஆற்றல் கொண்டு நம்மை மலைக்கவைக்கும் எதுவும் கமி, அதாவது தெய்வம்தான். அது மனிதனாகவோ விலங்காகவோ மரமாகவோ கடலாகவோ இருக்கலாம், நல்லதாகவும் கெட்டதாகவும் இருக்கலாம் என்று பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் மோட்டூரி நோரினாகா எழுதினார். மனிதனுக்கும் தெய்வத்துக்கும் நடுவே கடக்கமுடியாத சுவர் இங்கே இல்லை. வஞ்சிக்கப்பட்டுச் செத்தவனை அப்படியே விட்டுவிடக்கூடாது, நியாயம் செய்து அமர்த்தவேண்டும் என்ற பயம் கலந்த அறமும் இதில் இருக்கிறது.

வாசலில் நாணல் புல்லால் செய்த பெரிய வளையம். இடது, வலது, மறுபடி இடது என்று எட்டுப் போட்டு அதற்குள் நுழைந்து வரவேண்டும். பிறகு மினாசுகி என்ற முக்கோண இனிப்பு, மேலே சிவப்புக் காராமணி. கியோத்தோவில் இன்று இதைத் தின்னாதவர் குறைவு.

இரவு எட்டு மணிக்குக் கமிகாமோ கோயில். அங்கே ஓடும் சிற்றோடையின் கரையில் தீப்பந்தக் கூடைகள் எரிகின்றன. மனித உருவில் வெட்டிய சிறு காகிதங்களில் பெயரும் வயதும் எழுதி, உடம்பில் தடவி, மூச்சை ஊதி முன்பே கொடுத்துவிட வேண்டும். பூசாரிகள் ஓடைமேல் உள்ள மண்டபத்தில் அமர்ந்து அவற்றை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விடுகிறார்கள். கட்டுக்கட்டாகக் காகித மனிதர்கள் தீ வெளிச்சத்தில் போய்க்கொண்டே இருந்தார்கள். என் பெயரும் அதில் தமிழில் போனது.

இச்சடங்கின் பழைய மந்திரம் 927இல் முடிந்த எங்கிஷிகி என்ற அரசு விதித் தொகுப்பில் இருக்கிறது. அதில் வரும் குற்றங்களின் பட்டியல் விசித்திரமானது. வயல் வரப்பை உடைப்பது, வாய்க்காலைத் தூர்ப்பது, முறைகெட்ட உறவு. இவற்றோடு கூடவே தோல்நோய், ஊர்வனவால் வரும் ஆபத்து, வானத்திலிருந்து விழும் இடி. செய்த தப்பும் வந்த துன்பமும் ஒரே பட்டியலில். இரண்டும் மேலே படியும் அழுக்கு, இரண்டும் கழுவினால் போகும் என்பதே அதன் பார்வை. போகும் வழியையும் மந்திரம் சொல்கிறது: வேகமாக இறங்கும் ஆற்றில் இருக்கும் தேவி கடலுக்கு எடுத்துப்போகிறாள், கடல் சுழியில் இருப்பவள் விழுங்குகிறாள், அடுத்த தெய்வம் அதைப் பாதாளத்துக்கு ஊதித் தள்ளுகிறது, அங்கே இருப்பவள் தூக்கிக்கொண்டு அலைந்து தொலைத்தேவிடுகிறாள். நால்வரில் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை.

யோமியிலிருந்து தப்பி வந்த இசானாகியும் முதலில் குளிக்கத்தான் போனான். இடக்கண்ணைக் கழுவியபோது அமதெராசு, வலக்கண்ணில் சுகுயோமி, மூக்கில் சுசானோ பிறந்தார்கள். தீட்டுக் குளியலிலிருந்துதான் சூரியனே வந்தது. 697இல் மொன்மு பேரரசர் பட்டமேற்றபோது வெளியிட்ட ஆணை அதிகாரிகளிடம் கேட்டதும் ஒளியும் தூய்மையும் நேர்மையும் கொண்ட உள்ளத்தை. உள்ளம் அடியில் சுத்தமானது, தூசி தட்டினால் போதும் என்ற நம்பிக்கை இந்த மரபில் ஆழமாக ஓடுகிறது.

இதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைத்தால் நியாயமாகாது. தீட்டு என்றால் அதைச் சுமக்கும் ஆளையும் யாரோ கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. செத்த மாட்டைத் தூக்குவது, தோல் பதனிடுவது, தூக்குத்தண்டனை வேலை, பிணவேலை என்று செய்தவர்களைத் தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே வைத்தார்கள். பௌத்தத்தின் கொல்லாமையும் இதற்குத் துணைபோனது. 1871இல் சட்டப்படி அந்தப் பிரிவு ஒழிந்தது. புராக்கு மக்கள் என்று பின்னர் அழைக்கப்பட்ட இவர்கள்மீதான பாகுபாடு திருமணத்திலும் வேலையிலும் அதற்குப் பிறகும் நீண்டது. என் பெயரை இவ்வளவு சுலபமாக ஓடையில் கழுவிவிட்ட அதே எண்ணம், இவர்களை மட்டும் கழுவவே முடியாதவர்கள் என்று முடிவுகட்டியது. ஓடைக்கரையில் நின்றபோது இந்த நினைப்பும் இருந்தது.

ஜூலை 1, இசே

இசேயைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கமாகவே முடிக்கிறேன். இருபது வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதுக்கோயில் கட்டித் தெய்வத்தை மாற்றுகிறார்கள். 2013இல் நடந்தது 62ஆவது, அடுத்தது 2033. காலியாகக் கிடக்கும் மனையில் சிறு கற்கள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. இசுசு ஆற்றங்கரையில் இறங்கிக் கைகழுவினேன். சாவின் வாடையே அண்டாத இடம் இது. இறந்தவர்களைப் பற்றிக் கேட்டு வந்தவனுக்கு இங்கே எதுவும் கிடைக்கவில்லை.

மாலையில் விடுதியில் யானகிதா குனியோவைப் பற்றி நண்பர் ஒருவரோடு போனில் பேச்சு ஓடியது. நாட்டார் வழக்காற்றியலின் முன்னோடி (1875–1962). 1945 வசந்தத்தில், டோக்கியோவில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, மூதாதையரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இறந்தவர்கள் ஊரைவிட்டுத் தூரமாகப் போவதில்லை, தாங்கள் உழுத வயல் தெரியும் மலையில் இருக்கிறார்கள், புத்தாண்டுக்கும் 'போன்' என்னும் மூதாதையர் பண்டிகைக்கும் இறங்கி வருகிறார்கள், முப்பத்து மூன்று வருடம் ஆனபின் தனிப்பெயர் கரைந்து பொதுவான மூதாதையாகிவிடுகிறார்கள் என்று கிராமங்களில் தாம் கண்டதை வைத்துச் சொன்னார். அப்புறம் ஒரு கவலையையும் எழுதினார்: கல்யாணமாகாமல் போரில் செத்த இளைஞர்களுக்கு யார் படையல் வைப்பார்கள்? அவர்கள் பெயரில் வாரிசு ஏற்பாடு செய்து, அவர்களையே புதிய குடும்பங்களின் முதல் மூதாதை ஆக்கவேண்டும் என்றார். நாட்டுக்காகச் செத்தவன் அந்த நொடியே நாட்டின் தெய்வம் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அவனுக்கு ஒரு வீடும் பேரப்பிள்ளைகளும் வேண்டும் என்று ஒருவர் நினைத்திருக்கிறார்.

ஜூலை 2, மத்சுசாகா

இன்று பார்த்ததை நிதானமாக எழுதவேண்டும். மோட்டூரி நோரினாகா (1730–1801) இந்த ஊர்க்காரர். பகலில் குழந்தைகளுக்கு வைத்தியம், இரவில் கொஜிகி. யாரும் சரியாகப் படிக்கமுடியாமல் கிடந்த அந்நூலுக்கு 1764 முதல் 1798 வரை உட்கார்ந்து 44 தொகுதிகளில் உரை எழுதினார். அவர் வீட்டை 1909இல் கோட்டை வளாகத்துக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். மாடியில் நாலரைப் பாய் அளவில் ஒரு படிப்பறை. களைப்பில் ஆட்டிக் கேட்க மணிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கோட்டைச் சுவரின் மேலிருந்து எட்டிப் பார்த்தால் அந்த மாடி தெரிகிறது.

மனிதனைப் பற்றி அவர் சொன்னது நேரானது. செய்யவேண்டியதைச் செய்யும் அறிவு, பிறப்பிக்கும் தெய்வங்களின் அருளால் எல்லோருக்கும் பிறவியிலேயே இருக்கிறது. உள்ளம் என்றால் எதைத் தொட்டாலும் அசைவது. போர்க்களத்தில் கலங்காமல் சாகும் வீரனுக்கும் உள்ளுக்குள் பெற்றவர்களையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் கடைசியாக ஒருமுறை பார்க்கத்தான் மனம் ஏங்கும், அந்த ஏக்கம்தான் நிஜம், மேலே தெரியும் விறைப்பு ஒரு பூச்சு என்றார். சாவைப் பற்றிச் சொன்னது இன்னும் நேரானது. நல்லவனும் கெட்டவனும், உயர்ந்தவனும் தாழ்ந்தவனும், எல்லோரும் அந்த அழுக்கு யோமிக்குத்தான் போகிறார்கள். ஆகவே உலகத்தில் சாவைப்போலத் துக்கமானது வேறில்லை. துக்கப்படவேண்டியதுதான், அழவேண்டியதுதான். சாவு துக்கமில்லை என்று காரணம் கண்டுபிடித்து ஆறுதல் சொல்லும் போதனைகளெல்லாம் பின்னால் வந்த ஜோடனை.

கல்நெஞ்சான பேச்சு என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு இது பெரிய மரியாதையாகத் தெரிகிறது. துக்க வீட்டில் போய், "நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறார், அழாதீர்கள்" என்று வாயை அடைக்காமல், அழுகிறவரை அழவிடுகிற ஒரு சமயம்.

மதியம் டாக்ஸி பிடித்து யாமாமுரோ மலையடிவாரத்தில் மியோராகுஜி மடம் வரை போனேன். அங்கிருந்து காட்டுப் படிகள், மழையில் வழுக்கின. மேலே அவருடைய கல்லறை. இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1800இல், பிள்ளைகளுக்கு ஒரு நீண்ட உயில் எழுதினார், படம் வரைந்தே. ஊருக்குள் இருக்கும் ஜுக்யோஜி மடத்தில் குடும்ப வழக்கப்படி ஒரு கல்லறை இருக்கட்டும்; ஊர்வலம் அங்கே போகட்டும், பெட்டி காலியாக இருக்கட்டும்; உடலை இரவில் சத்தமில்லாமல் இந்த மலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மேட்டின் மேல் ஒரு மலைச் செர்ரி நடவேண்டும், நல்ல பூ பூக்கும் மரமாகப் பார்த்து. பட்டுப்போனால் வேறு நடவேண்டும். தமக்கு மறுமைப் பெயரையும் தாமே வைத்துக்கொண்டார், அதிலும் செர்ரி. இந்த மனையைத் தேர்ந்த மகிழ்ச்சியில் ஒரு பாட்டும் எழுதினார்: யாமாமுரோவில் ஆயிரம் வசந்தத்துக்கு வீடு பிடித்துவிட்டேன், இனிக் காற்று அறியாத பூக்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எல்லோரும் யோமிக்குப் போகிறோம் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர் இப்படி எழுதியது எப்படி என்று அறிஞர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். மாணவர்களுக்கே அன்று திகைப்பு. அட்சுதானே இந்தப் பாட்டைத்தான் பிடித்துக்கொண்டார்: பாருங்கள், ஆசானின் ஆவி யோமியில் இல்லை, யாமாமுரோவில் இருக்கிறது. எனக்கு இது கொள்கை மாற்றமாகப் படவில்லை. உள்ளம் அசைவதுதான் மனித இயல்பு என்று சொன்னவர் தம் சாவுக்கு முன்னும் உள்ளத்தை அசையவிட்டார். உரைநூலில் யோமி நிற்கட்டும், மலையில் பூ பூக்கட்டும். இரண்டையும் ஒட்டவைக்க அவர் முயலவே இல்லை.

செர்ரி என்றதும் கொஜிகியின் இன்னொரு கதையும் வந்துவிடுகிறது. வானத்திலிருந்து இறங்கிய, பேரரசர்களின் மூதாதையான நினிகிக்கு ஒரு மலைத்தெய்வம் தன் இரண்டு பெண்களையும் கொடுக்கிறார். ஒருத்தி பூவைப் போன்றவள், மற்றவள் பாறையைப் போன்றவள். அழகில்லை என்று பாறையைத் திருப்பி அனுப்பிவிடுகிறான். அவளையும் ஏற்றிருந்தால் உன் வம்சத்தின் ஆயுள் பாறைபோல நிலைத்திருக்கும், இனிப் பூவளவுதான் என்கிறார் தகப்பன். பேரரசர்களின் குறை ஆயுளுக்குக் கொஜிகி சொல்லும் காரணம் இது. நிஹோன் ஷோகியின் ஒரு வடிவத்தில் அந்த ஆயுள் மனிதர்கள் அனைவருக்கும் விதிக்கப்படுகிறது.

ஜூலை 3, குமானோ

மத்சுசாகாவிலிருந்து நான்கி ரயிலில் கடலோரமாகத் தெற்கே வந்தால் குமானோ நகரம். நிலையத்திலிருந்து கடற்கரைச் சாலையில் கால்மணி நேர நடைக்கும் சற்றே மேல், ஹானா நோ இவாயா. கருவறை இல்லை, கூரை இல்லை. 45 மீட்டர் உயரத்துக்கு நேராக எழும் ஒரு பாறை, அடியில் வெள்ளைக் கூழாங்கற்கள் பரப்பிய ஒரு சிறு பூசையிடம். கொஜிகிப்படி இசானாமியைப் புதைத்தது இசுமோவின் எல்லையில் உள்ள ஹிபா மலையில். நிஹோன் ஷோகியின் ஒரு வடிவமோ கீ நாட்டு குமானோவின் அரிமா ஊரில் என்கிறது. அது இங்கே. எதிரே இன்னொரு சிறு பாறை இருக்கிறது. அது ககுத்சுச்சிக்கு, பிறக்கும்போதே தாயைச் சுட்டுக் கொன்ற அந்தத் தீப்பிள்ளைக்கு. கொஜிகியில் இசானாகி அவனை வாளால் வெட்டிவிடுகிறான். இங்கே ஊர்மக்கள் அவனை அம்மாவுக்கு எதிரிலேயே வைத்திருக்கிறார்கள்.

நிஹோன் ஷோகி அன்றைய வழிபாட்டையும் சொல்கிறது: பூக்கும் காலத்தில் பூவால் கும்பிடுகிறார்கள், மேளம் கொட்டி, குழல் ஊதி, கொடி பிடித்து, பாடி ஆடுகிறார்கள். நாளொன்றுக்கு ஆயிரம் பேரைக் கொல்வேன் என்று சபதம் போட்டவளுக்கு, அறுபடப்போகும் பசும்புல் கூட்டம் செய்யும் மரியாதை இது. பயந்து செய்வதாக நூலில் ஒரு சொல்லும் இல்லை. இன்றும் பிப்ரவரி 2, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் விழா நடக்கிறது. ஏறத்தாழ 170 மீட்டர் நீளமுள்ள கயிற்றைத் திரித்து, பூவும் விசிறியும் கட்டி, பாறையின் உச்சியிலிருந்து இறக்கி, ஊரார் கடற்கரை வரை பிடித்து இழுத்துக் கட்டுகிறார்கள். பிப்ரவரியில் கட்டிய கயிறு என் தலைக்கு மேலே கறுத்து, நைந்து, இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரிய பாறைக்கு முன் இரண்டு தட்டு தட்டினேன். பின்பு பிள்ளையின் பாறைக்கும். காணிக்கை மாடத்தில் ஒரு மூதாட்டி பெருக்கிக்கொண்டிருந்தார். எந்த நாளில் வந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டேன். "அக்டோபர்ல வாங்க, பிப்ரவரில கைவிரல் விறைச்சுப்போயிரும். வந்தா சும்மா வேடிக்கை பார்க்கக் கூடாது, கயித்தைப் பிடிச்சு இழுக்கணும்" என்றார். இதைப் படிக்கும் யாராவது இலையுதிர்காலத்தில் ஜப்பான் போவதாக இருந்தால் அக்டோபர் 2ஐக் குறித்துக்கொள்ளுங்கள். குமானோவுக்கு வரும் விரைவு ரயில்கள் குறைவு, முந்தின நாளே வந்து தங்கிவிடுவது நல்லது.